நடுவில் விட்ட இடம்

டியூஷன் முடிந்து அவள் வெளியே வந்தபோது அப்பா வழக்கம்போல கேட்டுக்கு எதிரே வண்டியோடு நின்றிருந்தார். வழக்கமில்லாதது ஒன்றுதான். வண்டியில் வேறு சீட் இருந்தது.

"புதுசாப்பா?"

"நமக்குப் புதுசு," என்றார் அப்பா.

அவர் டூவீலர் மெக்கானிக். ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர். சொந்த வண்டி மட்டும் எப்போதும் இருமிக்கொண்டே ஓடும். பட்டறைக்குப் பின்னால், யாரும் கேட்டு வராத வண்டி ஒன்று ரொம்ப நாளாய்த் துருப்பிடித்துக் கிடந்தது. அதன் சீட் நல்ல நீளம். அதைக் கழற்றித் துடைத்து இதில் மாட்டிவிட்டார்.

"நீயும் வளந்துட்ட, உன் தம்பியும் ஊதிட்டான். இனிமே தீப்பெட்டிக் குச்சி மாதிரி நெருக்கியடிச்சுக்கிட்டு வர வேண்டாம். ஏறு."

மூன்று பேர் போவதற்கென்று அவர்களிடம் ஒரு முறை உண்டு. அப்பா முன்னால். தம்பி நடுவில். அவள் கடைசியில் உட்கார்ந்து, தம்பியைச் சுற்றி இரண்டு கையையும் நீட்டி, அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். வண்டி கிளம்பினால் போதும், அவன் தூங்கிவிடுவான். தூங்கினாலும் சரிந்துவிடாமல் இருக்க அக்காதான் வேலி. வீட்டில் அவளைப் பெரியவ என்பார்கள், அவனை வாண்டு.

அன்று வாண்டு வரவில்லை. சளி. தையல் யூனிட்டுக்கு லீவு போட்டுவிட்டு அம்மா அவனோடு வீட்டில் இருந்தாள்.

ஆனால் கால் பழகிய இடத்துக்குத்தானே போகும்? பெரியவ ஏறிக் கடைசியில் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு சின்னப் பிள்ளைக்கான இடம் அப்படியே காலியாக இருந்தது.

அப்பாவுக்கும் வாய் பழகியிருந்தது. "ரெண்டு பேரும் ஏறியாச்சா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, விளையாட்டுக்குத்தான், சொன்னாள்.

"ஏறியாச்சுப்பா. போலாம்."

வீட்டுக்குப் போகும் வழியில் பழைய ஆலை ஒன்றின் மதில் நீளமாக வரும். ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் கால்வாய். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அங்கே விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்குகள் எரிந்து யாரும் பார்த்ததில்லை. கால்வாயிலிருந்து எழும் ஈர வாடை மூக்கில் ஏறும்.

பாதி மதில் தாண்டியபோது அவள் வயிற்றில் ஏதோ கதகதப்பாகச் சாய்ந்தது.

காற்றுக்குச் சட்டை உப்பியிருக்கும் என்று நினைத்தாள். பிறகு மோவாய்க்குக் கீழே முடி உரசியது. ஈர முடி. நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்த வாசனை.

அவள் கீழே பார்க்கவில்லை.

அப்பா இடது கையைப் பின்னால் விட்டார். வாண்டு தூங்கிவிட்டானா என்று அவன் தொடையைத் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். தட்டினார். அது வெறும் சீட்டைத் தட்டிய சத்தமாக இல்லை.

"கால உள்ள இழுத்துக்கோடா," என்றார் சாலையைப் பார்த்தபடியே. "சைலன்சர் சுட்டுடும்."

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது வாண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான், "அப்பா வந்தாச்சு!" அப்பா அவனைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார்.

சாப்பிட்டபின் மெதுவாகக் கேட்டார்: "வழியெல்லாம் நீதான காலை ஆட்டிக்கிட்டு வந்த?"

"இல்லப்பா."

"சரி. அம்மாகிட்ட எதுவும் சொல்லிக்காத."

மறுநாள் காலை சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. பள்ளிக்குப் போக வாண்டுவைத் தூக்கி வண்டியில் வைக்கப் போனார் அப்பா. அவன் சீட்டில் படாமல் காலை மடக்கிக்கொண்டான்.

"இடம் இல்லப்பா."

"இவ்ளோ பெரிய சீட்டுல உனக்கு இடம் இல்லையா? யான மேலதான் ஏத்தணும் உன்ன."

"அந்தப் பையன் உக்காந்திருக்கான். அவன எறங்கச் சொல்லு."

அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "ஸ்கூலுக்குப் போகாம இருக்க என்னென்ன புளுகு பாரு! நேத்து சளி, இன்னைக்குப் பையனா? அந்தப் பையன் வீட்டுப்பாடம் எழுதுவானான்னு கேளு, அவனையே அனுப்பிடலாம்."

அப்பா சிரிக்கவில்லை. வாண்டுவை அழுத்தி உட்கார வைத்தார். கையை எடுத்ததுதான் தாமதம், அவன் பக்கவாட்டில் விழுந்தான். தவறி விழுந்தவன் போல இல்லை. யாரோ முழங்கையால் இடித்துத் தள்ளியது போல விழுந்தான். நெற்றி படியில் மோதி ரத்தம் வந்தது.

அன்று முழுக்க அப்பா வேறு வண்டி எதையும் தொடவில்லை. நீளச் சீட்டைக் கழற்றி, கிழித்து, பட்டறைக்குப் பின்னால் எரித்துவிட்டு, பழைய குட்டைச் சீட்டை மாட்டினார். மூன்று பேர் ஏறினால் நடுவில் விரல் விட இடமிருக்காது. அடுத்த சில நாட்கள் ஒன்றுமில்லை. வாண்டு முன்பு போலவே அவள் கைகளுக்கு நடுவே எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டு வந்தான். அந்தப் பாரம், அந்த எச்சில் எல்லாமே பெரியவளுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தன.

அப்புறம் மழை வந்தது.

டியூஷன் விடும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அப்பா மழைக்கோட் போட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். மழை நாளில் வாண்டு ஏறி உட்கார்ந்து, அந்தக் கோட்டின் பின்பக்கத்தைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொள்வான். வெளியே ஒரு மேடு மட்டும் தெரியும். அப்பாவுக்குத் திமில் முளைத்த மாதிரி இருக்கிறது என்று அம்மா கேலி செய்வாள்.

பெரியவ குடையை மடக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கோட்டுக்கடியில் மேடு தெரிந்தது. அவளுக்கு முன்னால் ஓடிய தம்பி ஏறிவிட்டான் என்றுதான் நினைத்தாள்.

"இந்தா, போன உன் பையில போடு, நனையுது," என்றார் அப்பா. "ஏறியாச்சா?"

அவள் மேட்டைக் கட்டிக்கொண்டாள். "ஆச்சுப்பா."

மதில் சாலைக்கு வந்தபோது மழை கண்ணை மறைத்தது. கால்வாய் நிரம்பி, சாலையோடு சமமாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் எது, தார் எது என்று தெரியவில்லை. பைக்குள் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கையால் துழாவி எடுத்து, மழை படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு காதில் வைத்தாள்.

டியூஷன் மிஸ்.

"என்னம்மா இது, தம்பிய விட்டுட்டுப் போயிட்டீங்க? தண்ணி பாட்டில மறந்துட்டேன்னு உள்ள வந்தான். வெளிய போய்ப் பார்த்தா உங்க வண்டியக் காணோம். ஒரே அழுகை. அப்பாவ உடனே வரச் சொல்லு."

போன் காதிலேயே இருந்தது.

அவளுடைய இன்னொரு கை மேட்டைச் சுற்றியிருந்தது.

மேடு மூச்சு விட்டது.

"யாருக்கா போன்ல?"

கோட்டுக்கடியிலிருந்து வந்த குரல் வாண்டுவின் குரல் போலத்தான் இருந்தது. ஆனால் வாண்டுவுக்கு இன்னும் சளி விடவில்லை. இந்தக் குரலில் சளி இல்லை.

அலறல் தொண்டை வரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள். இப்போது கத்தினால் அப்பா பிரேக் அடிப்பார். இந்த வழுக்கலில் அடித்தால் வண்டி கால்வாய்க்குள்தான் போகும்.

"அப்பா." அவர் காதருகே குனிந்தாள். குனிந்தபோது கோட்டுக்கு மேலே அவள் கன்னம் பட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் காது இருப்பது தெரிந்தது. "அப்பா, மெதுவா வண்டியத் திருப்புங்க. தண்ணி பாட்டில மறந்துட்டோம்."

"பாட்டிலுக்காகவா இந்த மழையில? நாளைக்கு எடுத்துக்கலாம்டா."

"மிஸ் வரச் சொன்னாங்கப்பா. திருப்புங்க. ப்ளீஸ்."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்துத் திருப்பினார்.

திருப்பியதும் நடுவிலிருந்த பாரம் ஏறத் தொடங்கியது. முதலில் வாண்டு அளவு. பிறகு அவள் அளவு. பின் டயர் முனகியது.

"வேணாம்க்கா," என்றது அது. "அவன் வேணாம்."

மிஸ் வீட்டு கேட்டில், குடைக்கடியில், வாண்டு நின்றிருந்தான். பாட்டிலை மார்போடு கட்டிப்பிடித்திருந்தான். நெற்றியில் பிளாஸ்திரி. அப்பா அவனைப் பார்த்தார். பின்னாலிருந்து அவர் முகம் தெரியவில்லை. இடது கை மட்டும் மெல்லப் பின்னால் வந்தது. கோட்டின் மேட்டைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது.

"பெரியவளே," என்றார் மூச்சுக்காற்றில். "இது..."

"இறங்காதீங்கப்பா. திரும்பாதீங்க. அவன முன்னாடி டேங்க் மேல வச்சுக்கங்க."

"உன்ன எப்படிம்மா இதோட..."

"நான் புடிச்சிருக்கேன். நீங்க வண்டிய எடுங்க."

மிஸ் வாண்டுவைத் தூக்கி டேங்க் மேல் வைத்தார். அவன் அப்பாவின் கைக்குள் ஒடுங்கினான். அந்தக் கணமே நடுவிலிருந்தது அசைந்தது. முன்னால் நகர்ந்தது. அப்பாவின் அக்குளுக்கடியில் கையை நுழைத்து, டேங்க் பக்கம், தம்பி பக்கம், ஊர்ந்தது. அவள் அதைப் பின்னுக்கு இழுத்தாள். விரல்கள் நழுவின. ஈரத் துணிக்குள் மெல்லிய விலா எலும்புகள் இருந்தன. ஒரு குழந்தையின் எலும்புகள்.

மதில் வந்தது. கால்வாய் வந்தது. வண்டி ஆடியது.

"தள்ளிடுவேன்," என்றது அது. அழுகிற குரல். "அவன இங்க தள்ளிடுவேன். அது என் இடம்."

அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தம்பி தூங்க அடம்பிடிக்கும்போது சொல்கிற வார்த்தைதான் வாயில் வந்தது.

"எங்கயும் போகாத. இங்கயே இரு. அக்கா புடிச்சிருக்கேன்ல?"

அது நின்றது.

"விடமாட்டியே?"

முன்னால் வாண்டு தும்மினான். அப்பா அவன் தலையை மோவாயால் அழுத்திக்கொண்டார்.

"விடமாட்டேன்," என்றாள் பெரியவ.

பாரம் இறங்கியது. ஈரத் தலை ஒன்று அவள் மார்பில் சாய்ந்து, வாகாக ஒரு இடம் தேடி, அடங்கியது. மதில் முடிந்து தெருவிளக்குகள் வரும்வரை அது பேசவே இல்லை. தூங்கிவிட்டது போலிருந்தது.

வீட்டு வாசலில் அப்பா வாண்டுவை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். அவனை அம்மாவின் மடியில் போட்டுவிட்டுத் திரும்ப ஓடி வந்தார். பெரியவ இன்னும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் வளைந்தே இருந்தன. அப்பா ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். உள்ளே ஒன்றுமில்லை.

"போயிடுச்சா கண்ணு?"

"போயிடுச்சுப்பா," என்றாள். போனதை அவள் பார்க்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்ல முடியும்?

காலையில் அப்பா வண்டியை வெளியே எடுக்கவில்லை. அதன் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாண்டு அம்மாவின் கையைப் பிடித்து, போகிற வழியில் இருக்கிற பள்ளத்துத் தண்ணீரையெல்லாம் மிதித்து, திட்டு வாங்கிக்கொண்டே நடந்து போனான். அவர்கள் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரியவ பஸ் ஏறினாள்.

நல்ல வெயில். சரியான கூட்டம். கம்பியைக்கூடப் பிடிக்காமல் எப்படி நிற்கிறோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கைகள் இரண்டும் வளைந்தபடியே மரத்துப் போயிருந்தன.

ஜன்னலோரம் இருந்த அம்மா ஒருத்தி அவளைப் பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு சட்டென்று எழுந்தாள்.

"உக்காரும்மா. எவ்ளோ நேரம்தான் தூக்கிட்டே நிப்ப?"

"இல்லக்கா, பரவால்ல. எங்கிட்ட..."

"பேச்சப் பாரு! உக்காரு மொதல்ல." தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நல்ல தூக்கம் போல. அவன் மூஞ்சியில வெயில் அடிக்குது பாரு."

பெரியவ குனிந்து பார்த்தாள். மடியில் ஒன்றுமில்லை.

 பிறகு கையை உயர்த்தி, வெயிலை மறைத்துப் பிடித்தாள்.