மரத்தடிப் புள்ளிகள்

“ஒரிஜினல் ஃபைல் வேணும் சார்.”

அதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே இருசம்மாளிடம் சொல்லியிருந்தார்கள். முதலாளி தேசிக் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கேக்கப்படாதுன்னு சொல்லியிருக்கேனோல்லியோ?”

“சொன்னீங்க. கேக்குறேன். சாயங்காலம் மேப் ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போயிடும். அந்தச் சரிவுல ஆள் நடமாட்டமே இல்லைன்னு அதுல இருக்கு. அதை நம்பி, காட்டுத்தீ பரவாம இருக்க முன்னாடியே சருகுக்குத் தீ வைப்பாங்க. அங்க ஆளுங்க விறகு பொறுக்குறாங்க சார்.”

“யாரு? உனக்குத் தெரிஞ்சவாளா?”

“யாரோ,” என்றாள். காது சுட்டது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடியில் அந்த ஆபீஸ். விமானம் மருங்காபுரிப் பக்கத்து மலைக்காட்டின் மேல் லேசர் ஒளியைத் தூவிக்கொண்டே பறக்கும். இலை, கிளை, தரை, எதில் பட்டுத் திரும்பினாலும் திரையில் ஒரு புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் காடு. காட்டின் அடர்த்தி தெரிந்தால் தீ எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்குப் போடலாம். மரக்கூரைக்குக் கீழே, ஆள் உயரத்தில், எதனோடும் ஒட்டாமல் நிற்கிற புள்ளிகளுக்கு ஆபீஸில் குப்பை என்று பெயர். குப்பையை அழிப்பதுதான் அவள் வேலை.

போன வாரம் அப்படி ஒரு குப்பை வந்தது. கூனிய உடம்பு, தலையில் சுமை, சரிந்த இடது தோள். அம்மாவின் தோள். அடுத்த நாற்காலி ஆன்சி எட்டிப் பார்த்து, “என்னடி அது, மாடா?” என்றாள். அம்மா டீச்சர் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவள் வேறென்ன சொல்வாள்? “மாடுதான்,” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழித்தாள்.

தேசிக் டிராயரைத் திறந்து எதுவும் அழிக்காத பதிவுகள் இருந்த டிஸ்க்கை மேஜையில் வைத்தார். “பாத்துக்கோ. நான் இதைத் திறக்கறதில்லை. ஏன்னு கேக்காதே.” சாப்பிடப் போய்விட்டார். ஆன்சி ஏற்கெனவே கீழே போயிருந்தாள்.

ஏசியின் ஒரே சீரான இரைச்சலுக்கு அடியில், முதலில் காகிதம் கசங்குவது போலவும் பிறகு காய்ந்த சருகை யாரோ வெறுங்காலால் பார்த்துப் பார்த்து மிதிப்பது போலவும் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, அவள் காட்டைத் திறந்தாள். கூனிய உருவம் இருந்தது. விமானம் திரும்பி வந்த அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் இருந்தது. நடக்கிற ஆள் என்றால் நகர்ந்திருக்க வேண்டும். போன வருடத்துப் பதிவைத் திறந்தாள். அதே மரம். அதே தோள். பக்கத்தில் இன்னொன்று. அதன் பின்னால் இடுப்புயரத்தில் சின்னதாக ஒன்று. மரத்துக்கு மரம் நின்றார்கள். இங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அழித்தது அத்தனையும்.

காட்டைச் சுழற்றினாள். மரங்கள் சுழன்றன. அவர்கள் சுழலவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அவளைப் பார்த்தபடியே நின்றார்கள்.

போனை எடுத்தாள். “அம்மா, எங்க இருக்க?”

“வீட்லதான் ஆயி. இடுப்பு புடிச்சிக்கிச்சு, இன்னிக்குப் போகல. நாளைக்குப் போவணும்.” அம்மாவின் குரல் தாழ்ந்தது. “பக்கத்துல யாரு அது? மூச்சு இப்படி எளைக்குது.”

“யாரும் இல்லம்மா.”

“சொமையை இறக்கி வெக்கச் சொல்லு பாவம்.”

கடைசிப் பதிவு பாக்கியிருந்தது. காட்டுக்குப் போகும் முன் கருவியைச் சரிபார்க்க, காலையில் ஸ்ரீரங்கத்து மாடிகளின் மேல் ஒரு சுற்று. கோபுரம். தட்டையான கூரைகள். கான்கிரீட்டைத் தாண்டி லேசர் உள்ளே போகாது. ஆனால் ஒரு கூரைக்கு அடியில் மட்டும் புள்ளிகள் இருந்தன.

மேஜை. நாற்காலி. நாற்காலியில் ஒருத்தி.

அவள் பின்னால், கூனி, ஒன்று.

பிடரியில் சூடான காற்று. வேர்வை நாற்றம். புகை.

திரும்பவில்லை. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. மாடு என்று சொன்ன வாய். டிஸ்க்கை உருவினாள். அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் போட்டாள். எழுந்தாள்.

படியில் ஆன்சி ஏறி வந்தாள். “எங்கடி கிளம்பிட்ட?”

“ஃபாரஸ்ட் ஆபீசுக்கு. எங்க அம்மா டீச்சர் இல்லடி. அந்தக் காட்டுல விறகு பொறுக்குறவ. அதைச் சொல்லிட்டு வரேன்.”

இருசம்மாளைத் தாண்டி மேலே பார்த்துக்கொண்டிருந்த ஆன்சி, துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு முதுகைச் சுவரோடு ஒட்டினாள்.

இருசம்மாள் இறங்கி வெயிலில் நடந்தாள். தெருமுனையில் ஒருமுறை திரும்பினாள். திறந்திருந்த வாசலுக்குள் ஆன்சி அசையாமல் நின்றிருந்தாள். படியில் ஒருவர் இறங்கிப் போனதும் அடுத்தவருக்கு, அவர் போனதும் அதற்கடுத்தவருக்கு வழிவிட்டபடி. நடுநடுவே அவள் பார்வை இடுப்பளவுக்குத் தாழ்ந்து, மறுபடி உயர்ந்தது.