மாமி மௌத்து, மருமகன் உள்ளே!

ட்ரிங்... ட்ரிங்...

கல்முனைப் பொலிஸில் தொலைபேசி அலறியது. இன்ஸ்பெக்டர் கனகரெத்தினம் ஒரு கையில் பிளேன்டீயோடு மறு கையால் எடுத்தார்.

"சேர்! சுனாமி வீட்டுப் பட்டியல் ஒபீஸிலருந்து சுல்பிகா கதைக்கிறன். மாமி மௌத்து! கொலை சேர்!"

பிளேன்டீ சட்டையில் கொட்டியது.

பத்தே நிமிடம். இரண்டு கொன்ஸ்டபிள், ஒரு கெமராக்காரர், ஓர் அம்புலன்ஸ்! கேட்டடியில் அதற்குள் ஐம்பது பேர். இந்த ஊரில் செய்திக்கு ஜீப் தேவையில்லை.

"ஜனாஸா எத்தின மணிக்கு அடக்கம், சேர்?" ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

உள்ளே ரத்தம் இல்லை... உடலும் இல்லை! மேசைக்குப் பின்னால் சுல்பிகா. மூலையில் அலுமாரி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

"பொடி எங்க, புள்ள?"

"அந்தப் பெட்டிக்குள்ள, சேர்."

"அதுக்குள்ள பெட்டியிலயும் வெச்சிட்டீங்களா?"

"ஐயோ சேர், அது மெயின்ஃபிரேம்! பெரிய கொம்பியூட்டர்!"

கடல் வந்து ஒன்பது மாதம். கடல் வீடுகளைக் கொண்டுபோனது. உதவிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் இதைக் கொண்டுவந்தார்கள். கூரைத் தகரம் கேட்ட சனத்துக்கு மெயின்ஃபிரேம்! அதுவும் பழசு.

"இந்த ஒரு பெட்டிக்குள்ள கன கொம்பியூட்டர் ஓடுது, சேர். லினக்ஸ். கையால தொட ஏலா, வேல மட்டும் நடக்கும். அதுல ரெண்டு கொம்பியூட்டர் வாசல். ஆர் வந்தாலும் வாசலால வந்துதான் வீட்டுப் பட்டியலத் தொடலாம்."

"மாமி?"

"முதல் வாசல்ட பேர். நான்தான் வெச்சன். ஆர் நீ, எங்கருந்து வாறாய், என்னத்துக்கு வாறாய்... எல்லாம் கேட்டு எழுதிட்டுத்தான் விடுவா."

"மற்ற வாசல்?"

"மருமகன். ஆரு வந்தாலும் சிரிச்சிக்கிட்டு உள்ள விட்டிருவாரு."

பாண்டிருப்பில் மனைவியின் தாய் வீட்டில் குடியிருக்கும் கனகரெத்தினம் பெருமூச்சு விட்டார்.

"ஒரு கொம்பியூட்டர் நிண்டதுக்கா என்னை ஓட வெச்சீங்க?"

"பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் கொழும்புக்குப் போகுது. போனாப் போனதுதான். போன கிழமை ரெண்டு தரம் ஆரோ இந்தா இரிக்கிற சுபைறாட பேர அழிக்கப் பாத்தாங்க. மாமி விடல்ல. இண்டைக்கி மாமி இல்ல!"

வாங்கில் சுபைறா உட்கார்ந்திருந்தாள். கல்முனைக்குடிக்காரி. இப்போது கூடாரத்தில் இருக்கிறாள்.

"அது என்ட உம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு, சேர். வீட்டையும் உம்மாவையும் கடல் கொண்டு போயிட்டு. இந்தப் பேரும் போனா ரெண்டு பொம்புளப் புள்ளையளோட நான் எங்க போற?" வாய்விட்டு அழுதாள்.

கதவு திறந்தது. மெனேஜர் சாலிஹ்! அத்தர் வாசம் முதலில் வந்தது, ஆள் பின்னால் வந்தார்.

"சின்ன விசயம், இன்ஸ்பெக்டர். மாமி போனா என்ன? மருமகன் ஓடுதுதானே! பட்டியல் நேரத்துக்குப் போகட்டும்."

தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

சுபைறா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்னக் கட்டின மாப்புளதான் சேர். பாலமுனையில புதுசா ஒரு கலியாணம் முடிச்சிருக்கார். புதுப் பொஞ்சாதிக்கு வீடு தேவையாம்."

கனகரெத்தினத்தின் புருவம் உயர்ந்தது.

மணி 11.50.

பீப்!

"சேர்... மருமகன் வாசலால ஒராள் உள்ள!" சுல்பிகா திரையைக் காட்டினாள்.

சுபைறா என்ற பெயர் எழுத்தெழுத்தாக அழிந்தது. அந்த இடத்தில்... சா... லி... ஹ்...

"நிப்பாட்டு, புள்ள!"

சுல்பிகா கையைக் கட்டிக்கொண்டாள்.

12.00!

சாலிஹ் வெளியே வந்தார். முகம் முழுக்கப் பல். "பட்டியல் போயிட்டு. வீடு என்ட பேர்ல. ஆம்புளதானே குடும்பத்துக்குத் தலைவன்!"

"யா அல்லாஹ்!" சுபைறா அலறினாள்.

"புள்ள, பாத்துக்கிட்டு இரிந்திட்டியே!" கனகரெத்தினம் கத்தினார். "அந்த மாமியக் கொலை செஞ்சது ஆரு?"

"நான்தான், சேர்."

"என்னது?"

"காலையில நான்தான் நிப்பாட்டினன். மாமி இரிந்தா கள்ளன் வரமாட்டான்தானே! பொலிஸ் இல்லாட்டி ஆரு பிடிக்கிற?" ஒரே ஒரு கட்டளை தட்டினாள். மாமி எழும்பிவிட்டாள்! "மருமகன் வாசலுக்கு அங்கால நான் வெச்சது பட்டியல்ட வெறும் கொப்பி. மெனேஜர் அழிச்சது அதைத்தான். கொழும்புக்குப் போன அசல்ல சுபைறாதான் இரிக்கி. மெனேஜர்ர அறை, அவர்ர கொம்பியூட்டர், 11.50... எல்லாம் அந்தக் கொப்பியில பதிஞ்சி கிடக்கு."

சாலிஹின் பற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"இந்தக் கரையில வீடு மாமிட, மெனேஜர். மருமகன் வந்து இரிக்கிற ஆள். இந்த ஊருல பொறந்தும் மறந்திட்டீங்களே!" என்றாள் சுல்பிகா.

சுபைறா சுல்பிகாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். இப்போது சந்தோஷ அழுகை. அம்புலன்ஸ் வெறுமையாகத் திரும்பியது. ஜீப்பில் சாலிஹ் ஏற்றப்பட்டார். கேட்டடியில் தொப்பிக்காரர் இன்னும் அடக்கத்துக்குக் காத்திருந்தார்.

"பொய்க் கொலைக்கு உம்மை என்ன செய்யலாம்?" கனகரெத்தினம் விறைப்பாக நின்றார்.

அவருடைய கைத்தொலைபேசி அலறியது. இன்ஸ்பெக்டரின் முதுகு தானாக வளைந்தது.

"ஓம் மாமி... ஓம்... தேங்காய் ரெண்டு... ஓம் மாமி... இந்தா வாறன் மாமி!"

சுல்பிகா சிரித்தாள்.

"மன்னிச்சிக்கங்க, சேர். அந்த மாமிய நிப்பாட்ட எனக்கிட்ட கட்டளை இல்ல!"