பந்தியில் மூத்தவள்

படகு அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பியது. மோட்டார் சத்தம் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே படகு கண்ணுக்கு மறைந்துபோயிற்று. அவ்வளவு மூடுபனி. புத்தாண்டு முடிந்ததும் வரும் தூறல் மாதம் அது. சுவர் வியர்க்கும், தரை வியர்க்கும், துவைத்த துணி காயவே காயாது. வடக்கு வியட்நாமில் யாரும் அந்த மாதத்தில் கடலுக்குப் போவதில்லை. அதனாலேயே அந்தத் தீவு வீட்டுக்குப் பாதி வாடகை என்று தியெப் பேசி முடித்திருந்தான்.

"கடலே தெரியலையேடா," என்றாள் ஹான்.

"சத்தம் கேக்குதுல்ல அக்கா. பாதி வாடகைக்கு சத்தம் மட்டும்தான் தருவாங்க."

ஹாய்ஃபோங்கிலிருந்து வந்திருந்த அந்த நால்வரும் அண்ணன் தம்பி மூவருடைய பிள்ளைகள். அவர்கள் வழக்கத்தில் பெரியவர் சிறியவர் என்பது பிள்ளைகளின் வயதை வைத்து வருவதில்லை; அப்பாக்களின் வரிசைதான் பிள்ளைகளுக்கும். மூத்தவருக்குக் காலம் கடந்து பிறந்த ஒரே மகள் லூவா. இருபது வயது, கல்லூரியில் படிக்கிறாள். இரண்டாமவருடைய பிள்ளைகள் ஹானும் வின்னும். கடைசியவரின் மகன் தியெப்புக்கு முப்பத்து நான்கு வயது. மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை, கொஞ்சம் தொப்பை, ஊரில் மனைவியும் இரண்டு குழந்தைகளும். ஆனாலும் குடும்பத்தில் அவன்தான் கடைசித் தம்பி. லூவாதான் எல்லோருக்கும் பெரியக்கா.

லூவாவுக்கு அது கூச்சம். நகரத்து வாணவேடிக்கை பார்க்க அவளைத் தோளில் தூக்கிப்போனவன் தியெப். அவனைப் போய் தம்பி என்று எப்படிக் கூப்பிடுவது? அதனால் அவள் அவனை எதுவுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பாள், அல்லது சட்டையைத் தொடுவாள்.

வீடு கடலைப் பார்த்து நின்றது. முன்பு மீன்சாறு வியாபாரி ஒருவர் குடியிருந்தாராம். ஓடு வேய்ந்த கூரை, மரத்தூண்கள், மூலைமுடுக்கிலெல்லாம் உப்பும் மீனும் ஊறிய பழைய வாடை. தரையில் பதித்த கல் முழுக்க நீர்த்துளி பூத்திருந்தது. கால் வைத்தால் வழுக்கியது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மியென் அம்மாள் சமைத்துவைத்து, கூடத்தில் பாய் விரித்து, வட்டத் தட்டை நடுவில் வைத்துவிட்டு, பொழுது சாயுமுன்பே கிளம்பிவிட்டாள். சிப்பி ரசம், வதக்கிய கணவாய், வேகவைத்த கீரை, மீன்சாறு. தட்டைச் சுற்றி ஐந்து கிண்ணங்கள், ஐந்து ஜோடி சாப்பாட்டுக் குச்சிகள்.

"அம்மாவுக்கு எண்ணத் தெரியலை," என்றான் வின்.

"உன் வயித்தப் பாத்து ரெண்டா எண்ணியிருப்பாங்க," என்றாள் ஹான்.

தியெப் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பானைப் பக்கம் கடைசி ஆளின் இடம். சோறு போட வேண்டியவனும் அவன், எல்லோரையும் முறை சொல்லி அழைக்க வேண்டியவனும் அவன். அவன் அழைக்காமல் யாரும் குச்சியைத் தொடுவதில்லை. மூத்தவர் முதல் வாய் எடுக்காமல் மற்றவர்கள் சாப்பிடுவதும் இல்லை.

"பெரியக்கா சாப்பிடுங்க. ஹான் அக்கா சாப்பிடுங்க. வின் அண்ணே சாப்பிடுங்க."

"தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டுச் சொல்லுடா தம்பி. அப்பதான் மரியாதையா இருக்கும்," என்றான் வின்.

"இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காங்களே." தியெப் ஐந்தாவது கிண்ணத்தை எடுத்தான். ஒரே ஒரு கரண்டி சோறு போட்டான். உயிரோடிருப்பவர்களுக்கு யாரும் ஒற்றைக் கரண்டி போடமாட்டார்கள். லூவா வாயைத் திறந்தாள். அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துவது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

அவன் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் காலி இடத்தின் முன்னால் வைத்துத் தலைகுனிந்தான். சின்னப் பையன் குரலில் சொன்னான்: "அக்கா, சாப்பிடுங்க. உங்க கடைசித் தம்பி அழைக்கிறேன். நீங்க கூப்பிட்டா எங்க வேணாலும் வர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். லூவாவும் சிரித்தாள். முதல் வாய் அவளுடையது என்பதால் குச்சியை எடுக்கக் கையை நீட்டினாள்.

அதற்குள் கிண்ணத்தின் விளிம்பில் குச்சி தட்டும் ஒலி கேட்டது.

வின்தான் அவசரப்பட்டுவிட்டான் என்று நினைத்துத் திரும்பினாள். அவன் கைகள் மடியில் இருந்தன.

தட்டை ஒழிக்கும்போது அவள்தான் அந்தக் கிண்ணத்தை எடுத்தாள். வீடே நீராய்ச் சொட்டிக்கொண்டிருக்க, அந்த ஒரு கரண்டிச் சோறு மட்டும் வெயிலில் காயப்போட்டதுபோல் உலர்ந்து, மணல் மாதிரி உதிர்ந்தது.

காலையில் அவள்தான் முதலில் எழுந்தாள். இரவில் தரை இன்னும் கூடுதலாக வியர்த்திருந்தது. கூடம் முழுக்க மெல்லிய நீர்ப்படலம்.

அதில் காலடிகள்.

ஈரத் தரையில் ஈரக்கால் பதிவதுபோல் அல்ல. பாதம் பட்ட இடமெல்லாம் உலர்ந்திருந்தது. சின்னப் பாதங்கள். வாசலிலிருந்து வந்து, தட்டு வைத்திருந்த இடத்தைச் சுற்றி, தியெப் படுத்திருந்த மெத்தையின் தலைமாட்டில் நின்றிருந்தன.

திரும்பிப்போன தடம் இல்லை.

மற்றவர்கள் எழுந்து நடந்ததில் எல்லாம் கலைந்துபோயிற்று. அவள் சொன்னபோது வின், "பூனையா இருக்கும் அக்கா" என்றான். பூனைக்கு ஐந்து விரல் இருக்குமா என்று கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

காப்பி குடித்து முடித்துச் சீட்டு ஆட உட்கார்ந்தார்கள். ஆட்டத்தின் நடுவே தியெப் தலையை நிமிர்த்தி, "இதோ வந்துட்டேங்க்கா" என்றான்.

"யாருக்குடா பதில் சொல்றே?" என்றாள் ஹான்.

"பெரியக்கா கூப்பிட்டாங்களே."

"நான் கூப்பிடலையே," என்றாள் லூவா.

அவன் அவளைப் பார்த்தான். யாரோ தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்துச் சமாளித்துச் சீட்டைப் போட்டான். அன்று காலையிலிருந்து அவன் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நூடுல்ஸ் கிண்ணம் அவன் எதிரில் ஆறிக் கிடந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அவங்க இன்னும் ஆரம்பிக்கலையே" என்றான்.

மதியச் சாப்பாட்டோடு வந்த மியென் அம்மாள், அடுக்களையில் தனியாக வைத்திருந்த அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தாள்.

"இதுல யாரு சோறு போட்டது?"

"எங்க... எங்க வீட்டு ஆளுதான். விளையாட்டுக்கு," என்றாள் லூவா.

"கடலோட போயிட்டவங்களுக்குன்னு நாங்க வெறுங்கிண்ணம் வெப்போம். வெப்போம், அவ்வளவுதான். சோறும் போடமாட்டோம், வான்னும் சொல்லமாட்டோம்." குரலைத் தாழ்த்தினாள். "என்ன முறை சொல்லி அழைச்சாரு?"

"அக்கான்னு."

மியென் அம்மாள் அடுக்களை வாசலுக்கு வந்தாள். கூடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"உங்கள்ல மூத்தது யாரு?"

"நான்தான்."

"நீயா?" அவள் முகத்தில் தெரிந்தது இரக்கம்தான். "அப்ப தம்பியப் பக்கத்துலயே வெச்சுக்க. பனி விலகினாத்தான் படகு வரும்."

சொல்லிவிட்டுக் கூடையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

லூவா பக்கத்திலேயேதான் இருந்தாள். கழிவறைக்குப் போய்த் திரும்பிய நேரம்தான். கூடத்தில் ஹானும் வின்னும் கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் கதவு திறந்திருந்தது. தரையில் செருப்பில்லாத பெரிய ஈரக்காலடிகள்.

அவற்றின் பக்கத்திலேயே சின்ன, உலர்ந்த காலடிகள்.

கடல் உள்வாங்கியிருந்தது. அலைச் சத்தம் வெகு தொலைவில் கேட்டது. சேற்று நிலம் வெளிறிய பனிக்குள் நீண்டுகொண்டே போயிற்று. முழங்கால் வரை புதையும் சேறு. நண்டுப் பொந்துகளின் முணுமுணுப்பு. அழுகிய பாசி நாற்றம். அவள் ஓடி, விழுந்து, எழுந்து ஓடினாள்.

முன்னால் அவன் முதுகு தெரிந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தான். ஒரு கையைச் சற்றுத் தாழ்த்தி, பக்கத்தில் நடக்கும் யாருக்கோ கொடுத்திருப்பதுபோல் நீட்டியிருந்தான்.

"தியெப் அண்ணே," என்று கத்தினாள்.

அவன் திரும்பவில்லை. தண்ணீர் மார்புக்கு ஏறியது.

"அண்ணே, நில்லுங்க. குழந்தைங்கள நெனச்சுப் பாருங்க."

அவன் போய்க்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அண்ணன் என்று கெஞ்சுகிறவள் தங்கை. அக்கா கைபிடித்து அழைத்துப்போகும்போது தங்கை சொல்லை அவன் ஏன் கேட்க வேண்டும்?

அவள் தண்ணீரில் நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"டேய் தம்பி."

அவன் நின்றான்.

"இங்க வா. எங்கப்பா மூத்தவரு. நான்தான் உனக்குப் பெரியக்கா. நான் எந்திரிக்கச் சொல்லாம யாருடா உன்ன பந்தியிலேருந்து எழுப்பினது?"

பனிக்குள் எதுவும் அசையவில்லை. அலைச் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. அவன் அவளைப் பார்த்தான்; பக்கத்தில் பார்த்தான்; மறுபடி அவளைப் பார்த்தான். இரண்டு பேர் கூப்பிடும்போது முழிக்கும் குழந்தையின் முகம்.

"உன்னத்தான். வீட்டுக்கு வா."

"சரிங்க பெரியக்கா," என்றான். நீட்டியிருந்த கையை விடுவித்துக்கொண்டு அவளை நோக்கி நடந்து வந்தான்.

கரை ஏறும் வரை அவள் அவன் மணிக்கட்டை விடவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் அவன் மெல்லச் சொன்னான்.

"அவங்க உங்க வயசக் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"இருபதுன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"சிரிச்சாங்க."

மறுநாள் பனி விலகியது. படகு வந்தது. ஹாய்ஃபோங் வந்து சேர்ந்ததும் நடந்ததை யாரும் பேசவில்லை. ஈரக்காற்றில் தியெப்புக்குக் கொஞ்சம் புத்தி பேதலித்துவிட்டது என்று வின் முடிவுகட்டினான். தியெப் கடைக்குப் போனான், பழையபடி சிரித்தான். ஆனால் ஹானிடம் அவன் மனைவி தொலைபேசியில் ஒன்று சொன்னாளாம்: கிண்ணத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறார், குழந்தைகள் சாப்பிட்டு எழுந்த பிறகும் உட்கார்ந்தே இருக்கிறார், கெஞ்சி ஊட்டினால் ஏதோ இரண்டு வாய் உள்ளே போகிறது.

தாத்தாவின் நினைவு நாள் வந்தது. லூவா வீட்டில் எல்லோரும் கூடினார்கள். நல்ல பகல் வெளிச்சம். தெருவில் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல், அடுக்களையில் பெண்களின் கலகலப்பு, கூடத்தில் அப்பாக்களின் சிரிப்பு. தூறல் மாதத்தின் கடைசி நாட்கள். தரை இன்னும் வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. பெரியவர்களுக்கு ஒரு தட்டு, பிள்ளைகளுக்கு ஒரு தட்டு.

தியெப் பானைப் பக்கம் உட்கார்ந்தான். சட்டை தோளில் தொங்கியது. தொப்பை இருந்த இடம் உள்வாங்கியிருந்தது. கன்ன எலும்பு துருத்தி நின்றது. சோறு போட்டான். ஒரு கிண்ணத்தில் மட்டும் ஒற்றைக் கரண்டி போட்டு, லூவாவுக்கு இடப்பக்கம், அவளுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த காலி இடத்தில் வைத்தான்.

"பெரியக்கா சாப்பிடுங்க," என்றான், அந்த இடத்தைப் பார்த்து.

பிறகு லூவாவிடம் திரும்பினான்.

"சின்னக்கா சாப்பிடுங்க."

"பாருங்க, லூவாவுக்குப் பதவி போச்சு," என்று பெரியவர்கள் தட்டிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

ஹான் சிரிக்கவில்லை. வின் சிரிக்கவில்லை.

"தம்பி," என்றாள் லூவா. கடலில் எடுத்த குரலை எடுக்கப் பார்த்தாள். "நான்தான் பெரியக்கா. நான் சொல்றேன், சாப்பிடு."

அவன் அவளைப் பரிவோடு பார்த்தான்.

"நீங்க இன்னும் அவங்கள அழைக்கலையே, சின்னக்கா," என்று கிசுகிசுத்தான். "நீங்க அழைச்சாத்தான் அவங்க ஆரம்பிப்பாங்க. அவங்க ஆரம்பிச்சாத்தான் நான்." அவன் விரல்கள் குச்சியைத் தொட்டும் தொடாமலும் நின்றன. "ரொம்பப் பசிக்குதுக்கா."

லூவா அந்த எலும்பேறிய கைகளைப் பார்த்தாள். அவளைத் தோளில் தூக்கிய கைகள். அடுத்த தட்டில் அவன் குழந்தைகள் கோழிக்காலுக்கு அடித்துக்கொண்டிருந்தன.

இடப்பக்கம் பார்த்தாள். தரையெல்லாம் நீர்த்துளி. பாயோரமாக, அவள் முழங்காலை ஒட்டி, ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு திட்டு மட்டும் உலர்ந்திருந்தது.

தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்கா, சாப்பிடுங்க."

ஒற்றைக் கரண்டிச் சோற்றிலிருந்து எழுந்துகொண்டிருந்த ஆவி சட்டென்று நின்றது.

தியெப் கிண்ணத்தை வாயருகே தூக்கி, அள்ளி அள்ளிச் சாப்பிடத் தொடங்கினான்.