காப்பில் ஒன்றும் வரவில்லை

"காப்பு நல்லாத்தான் இருக்குங்கக்கா," என்றாள் பர்வீன். "வர்றதுதான் இல்ல."

தில்லைநகர்ப் பழுதுபார்ப்பு நிலையத்தில் பர்வீன் வேலை செய்யும் கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் பைரவி உட்கார்ந்திருந்தாள். உணர்காப்பைக் கழற்றிக் கொடுத்து அரை மணி நேரம் ஆகியும், கையில் ஏதோ குறைகிற உணர்வுகூட அவளுக்கு இல்லை. ஏழெட்டு மாதமாகவே அது வெறும் வளையல்தான்.

ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குக் காதின் பின்னால் எள்ளளவு பொட்டு ஒன்றை ஒட்டிவிடுவது இப்போது எல்லாப் பள்ளிகளிலும் வழக்கமாகிவிட்டது. பிள்ளையின் மனதில் எழுவதைப் பொட்டு பிடித்து, பெற்றவர் கையிலிருக்கும் காப்புக்கு அனுப்பும். கோபம் என்றால் காப்பு சுடும். பயத்துக்குக் குளிர்ந்து இறுகும், துக்கத்துக்குக் கனக்கும். சந்தோஷம் வந்தால் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. வயசுக்கு வரும் பிள்ளைகள் வாயையே திறப்பதில்லை என்று வீட்டுக்கு வீடு புலம்பிய காலம் அதோடு முடிந்தது. இனி அவர்கள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லையே.

மகள் இளவெயினிக்குப் பொட்டு ஒட்டிய அன்று பைரவி அழுதாள். பைரவியின் பன்னிரண்டு வயதில் என்ன ஏது என்று கேட்க வீட்டில் ஒரு நாதி இல்லை. வந்ததையெல்லாம் தானே விழுங்கிக்கொண்டு வளர்ந்தவள். தன் மகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே வைராக்கியம்.

அதில் அவளைக் குறை சொல்லவே முடியாது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசியைக் குத்தியிருக்கும்போது காப்பு இறுகினால்கூட, அந்த ரத்தத்தை எடுத்து முடித்த கையோடு பள்ளிக்குப் பேசிவிடுவாள். "என்ன கண்ணா, ஏதோ பயந்த மாதிரி இருந்துச்சே?" அதட்டல் கிடையாது, மிரட்டல் கிடையாது. பெற்றோர் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே பதமான குரல். காப்பு சுட்டால் கேட்பாள், கனத்தால் கேட்பாள். பேருந்தில் யாரோ எதற்கோ சொன்ன ஒரு பேச்சுக்கு இளவெயினி சிரித்தாலும், வீட்டு வாசலில் நின்று சிரித்தபடியே கேட்பாள். "இன்னிக்கி நாலே முக்காலுக்கு என்ன அவ்வளவு சந்தோஷம்? சொல்லேன், அம்மாவும் சிரிக்கிறேன்."

பெண் பெரியவளான அன்றும் அப்படித்தான். காப்பு திடீரென்று குளிர்ந்து, கனத்து, சுட்டு, என்னவெல்லாமோ செய்தது. பைரவிக்குப் புரிந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து, மகள் பள்ளிக் கழிவறையிலிருந்து வெளியே வரும்போது வாசலில் நாப்கின் பொட்டலத்தோடு நின்றாள். இளவெயினி அம்மாவையும் பொட்டலத்தையும் பார்த்தாள். "நானே வந்து சொல்லலாம்னு இருந்தேன்," என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. காப்பு மட்டும் இரண்டு நாள் கனமாக இருந்தது.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் அடங்கியது. முதலில் பைரவிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பக்குவப்பட்டுவிட்டாள் பெண் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டாள். ஆனால் மாதக்கணக்காக ஒன்றுமே வராமல் போனபோது உள்ளுக்குள் ஏதோ அரித்தது. பரீட்சையில் தோற்றபோது வரவில்லை. கூடவே திரிந்த தோழி ஊரை விட்டுப் போனபோது வரவில்லை. பிறந்தநாள் கேக்கை வெட்டியபோதும் வரவில்லை. கருவிதான் கெட்டிருக்கிறது என்று முடிவு செய்து, காப்போடு பொட்டையும் கழற்றி எடுத்து வந்திருந்தாள்.

"பொட்டும் நல்லாத்தான் இருக்கு," என்றாள் பர்வீன், பைரவி கேட்பதற்கு முன்பே. "இப்ப இந்த வயசுப் பசங்களோடது நெறைய வருதுங்கக்கா. எல்லாமே நல்லாத்தான் இருக்கு. அவங்களுக்குள்ள சொல்லிக்கிறாங்க போல."

"எத?"

"வராம பண்றது எப்படின்னு."

பைரவிக்கு அது நம்பும்படியாக இல்லை. அவள் மகள் அவளிடம் எதையும் மறைக்க மாட்டாள். மறைப்பதற்கு அவள் என்ன அடித்தாளா, திட்டினாளா?

"சந்தேகமா இருந்தா வீட்லயே பாத்துக்கங்க. பொட்ட நீங்க ஒட்டிக்கிட்டுக் காப்ப பாப்பா கையில மாட்டி விடுங்க. யாரு ஒட்டினாலும் வேலை செய்யும்."

வீட்டில் கணவன் சத்தியசீலன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். காப்பு வந்த நாளிலிருந்தே அதைத் தொடாதவன் அவன். பெண்ணுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அவளே கேட்பாள் என்பதோடு அவனுடைய குழந்தை வளர்ப்பு முடிந்துவிடும்.

பைரவி சொன்னதும் இளவெயினி மறுபேச்சில்லாமல் கையை நீட்டினாள். காப்பு அவளுடைய மெல்லிய மணிக்கட்டில் தொளதொளவென்று கிடந்தது. பைரவி பொட்டைத் தன் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எதையாச்சும் நெனைக்கிறேன். வருதான்னு சொல்லு."

மகள் பிறந்த நாளைப் பைரவி நினைத்தாள். மருத்துவமனை, வெள்ளைத் துணியில் சுற்றிய முகம், எல்லாம் வரிசையாக வந்தன. பிறகு தன் அப்பா இறந்துபோன நாளை நினைத்தாள். பிறகு, இந்தப் பெண் தன்னிடமிருந்து எங்கோ போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தாள். அவளுக்குள் இருந்ததிலேயே பெரிய பயம் அதுதான்.

"வருதா?"

இளவெயினி மரியாதையாகக் காத்திருந்து பார்த்தாள். "இல்லம்மா."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே இல்ல."

பைரவிக்கு அப்பாடா என்றிருந்தது. அல்லது, இருக்க வேண்டும் என்று தோன்றியது. "நான் சொல்லல? பொட்டுதான் போச்சு. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

பொட்டை உரித்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். இளவெயினியும் பின்னாலேயே வந்தாள். "என்னங்க, இது கெட்டுப்போச்சான்னு கொஞ்சம் பாருங்க," என்று சொல்லி, அவன் திரும்புவதற்குள் அவன் காதுக்குப் பின்னால் ஒட்டிவிட்டாள்.

"ஏய், மறைக்காத, தள்ளு," என்றான் சத்தியசீலன். திரையில் கையில் விழுந்த பந்தை யாரோ ஒருவன் நழுவவிட்டான். "பிடிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குடா தொப்பி."

இளவெயினி கையை உதறினாள். "சுடுது," என்றாள். அடுத்த பந்தில் விக்கெட் விழுந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குறுகுறுப்பு அவளுக்குப் புதிது. சிரிப்பு வாய் வரை வந்து, பழக்கத்தினால் அங்கேயே நின்றது.

பைரவி சோபாவின் முதுகைப் பற்றியபடி நின்றாள். இப்போது அழுகை வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. மகள் கையிலிருந்து காப்பை எடுத்து மாட்டிக்கொண்டால் அவளுடைய கையிலும் சுடும், குறுகுறுக்கும். மூன்று வருடமாக அவள் உணர்ந்ததெல்லாம் அப்படி மகளிடமிருந்து வந்ததுதான்.

இளவெயினி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. வெகுநாளைக்குப் பிறகு அவள் அம்மாவை அக்கறையோடு பார்த்தாள்.

"ஸ்கூல் பஸ்ல வர்ற ரஞ்சிதா அக்காதான் எங்களுக்கெல்லாம் சொல்லித் தருவாங்க," என்றாள் மெதுவாக. "உள்ள ஏதோ வரப் போகுதுன்னு தெரியும்ல, அதுக்கு முன்னாடியே வேற பக்கம் பாத்துக்கணும். எனக்கு அது நல்லாப் பழகறதுக்கு ஒரு வருஷம் ஆச்சு. ஆனா உன் அளவுக்கு அடக்க வராதும்மா. ராத்திரில நீ காப்பக் கழட்டி வெச்சப்புறம் எனக்கு இன்னும் லேசா வரும்."

சற்று நெருங்கி வந்து, அப்பாவுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

பைரவி யோசித்துப் பார்த்தாள். பன்னிரண்டு வயதில் அவள் காதுக்குப் பின்னால் பொட்டும் இல்லை, யார் கையிலும் காப்பும் இல்லை.

"என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல," என்றாள்.