ஜோடிக்கு ஒரு கை

“இந்தப் பையைக் கொஞ்சம் எடுக்கிறீங்களா?”

“இந்த சீட்டுக்கு ஆள் இருக்கு.”

“எங்க?”

அவன் ஜன்னலைப் பார்த்தான். பேருந்து கிளம்பிக் கால்மணி நேரம் ஆகியிருந்தது. “வரலை” என்றான்.

“வராத ஆளுக்கு ஜன்னலோரமா? என் சீட்டுல மழை ஒழுகுது சார். பாருங்க, தோள் பாதி நனைஞ்சாச்சு.”

அவன் பையை எடுத்து மேலே வைத்தான். வழி விட்டான். உட்கார்ந்த பிறகும் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவன் விரல்களோ முன் சீட்டுக் கம்பியில் தாளம் போட்டபடி இருந்தன. இரண்டு பேருக்கும் இருப்புக் கொள்ளவில்லை...

எப்படி இருக்கும்? ‘பழைய நகரில் இரண்டு நாள் – தம்பதிகளுக்கு மட்டும்’ என்று பேருந்தின் நெற்றியில் துணி கட்டியிருந்தது. அவளுடைய அக்காவும் அத்தானும் வந்திருக்க வேண்டிய பயணம். நேற்று குழந்தைக்குக் காய்ச்சல். “நீயாவது போயிட்டு வாடி” என்று அக்கா தன் பெயர் எழுதிய அட்டையை இவள் கழுத்தில் மாட்டி அனுப்பிவிட்டாள். அக்காவின் பள்ளிச் சீருடை, அக்காவின் சைக்கிள், அக்காவின் கல்லூரிப் புத்தகங்கள்... இப்போது அக்காவின் விடுமுறை.

முன்னால் நின்ற கைடு தன் சிவப்புக் குடையைத் தூக்கினார். “எண்ணிக்கை! ஜோடிக்கு ஒரு கை. ரெண்டு பேரும் தூக்கினா எனக்குத் தலை சுத்தும்.”

கைகள் உயர்ந்தன.

“பதினேழு... அப்புறம் ரெண்டு ஒத்தை ஆளு. பக்கத்துலதானே இருக்கீங்க? எண்ணிக்கைக்கு ஒரு ஜோடின்னு வெச்சுக்கறேன். மேடம், நீங்க கையைத் தூக்கிடுங்க.”

“எண்ணிக்கைக்கு மட்டும்” என்றாள் அவசரமாக.

“எண்ணிக்கைக்கு மட்டும்” என்றான் அவனும். அவனுக்குச் சிரிப்பு முதலில் கண்ணில்தான் வந்தது. உதட்டுக்கு வர நேரம் ஆனது. அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முன் சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “என்னம்மா, புருஷன்கூட சண்டையா?” என்றாள்.

“ஐயோ, இல்லைங்க!”

“எதுக்கு இல்லைன்றீங்க?” என்றான் அவன் மெதுவாக. “சண்டைக்கா, புருஷனுக்கா?”

வந்த சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதும் அவன் வேலை.

“உள்ள இருக்கிறவங்க பயந்து கத்துவாங்களே... முதல்ல என்ன பண்ணுவீங்க?”

“‘நான் வந்துட்டேன், வெளியிலதான் நிக்கிறேன்’னு சொல்வேன். கதவு திறக்க அரைமணி நேரம்கூட ஆகும். ஆனா அதைச் சொன்னதுமே அழுகை நின்னுடும்.”

“நான் எக்ஸ்ரே எடுக்கிறவ. நாள் முழுக்க ஒரே வசனம்... ‘மூச்சை இழுத்துப் பிடிங்க... ம்... விடலாம்.’”

“விட மறந்தவங்க யாராவது உண்டா?”

“ஒருத்தர்கூட இல்லை.”

“ஆச்சரியமா இருக்கு” என்று அவளைப் பார்த்தே சொன்னான். அவள் காது சூடானது.

அன்று முழுவதும் ஓட்டம்தான். கோட்டை மதில், பீரங்கி மேடை, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் கல் சந்துகள்... மழை விடுவதும் பிடிப்பதுமாக இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் சிவப்புக் குடை உயரும். அவள் கையைத் தூக்குவாள். “பதினெட்டு, ரைட்!” மதியத்துக்குள் அது பழகியே போய்விட்டது.

மணிக்கூண்டுக்கு இருநூறு படிகளுக்கு மேல். பாதியில் மூச்சு வாங்க நின்றார்கள். சின்னத் திறப்பு வழியே சாரல் அடித்தது.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றான். “கைடு உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடறப்பல்லாம் கொஞ்சம் தாமதமாத் திரும்பறீங்க. அது உங்க பேர் இல்லைதானே?”

காலையிலிருந்து எத்தனை பேர் அவளை அக்காவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்! திருத்துவதற்குச் சலித்து அவளே விட்டுவிட்டிருந்தாள். தன் பெயரைச் சொன்னாள். அவன் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தான். அவன் கண்ணிமையில் ஒரு மழைத்துளி... அதற்குப் பின்னால் அந்தக் கண்கள்... மூச்சை இழுத்தவள், விட மறந்துபோனாள்.

“முகமெல்லாம் ஈரம்... இந்தாங்க” என்று கைக்குட்டையை எடுத்தான். கூடவே ஓர் அட்டை விழுந்து படியில் சறுக்கியது.

அவள் குனிந்து எடுத்தாள். அதே கயிறு, அதே நிறம். அதில் ஒரு பெண்ணின் பெயர்.

“இது யாரு?”

அவன் முகம் மாறியது. “என்கூட வர வேண்டியவங்க. கூட வேலை பாக்கிறவங்க. கட்டிக்கலாமான்னு கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க... ரெண்டு வாரம் ஆச்சு. வீட்ல இருந்தா ஆளாளுக்கு ஆறுதல் சொல்வாங்க. அதுக்குப் பயந்துதான் கிளம்பி வந்தேன்.”

வராத ஆளுக்கு ஜன்னலோரம்... அட்டையை அவன் கையில் திணித்தாள்.

“பத்து வயசு வரைக்கும் நான் புதுச் சட்டையே போட்டதில்லை, தெரியுமா? அக்காவுக்குச் சின்னதாப் போனதெல்லாம் எனக்கு வரும். சட்டை பரவாயில்லைங்க. மனசுல இடம்கூட இன்னொருத்தர் வேண்டாம்னு விட்டதா எனக்கு வரணும்?”

“கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க...”

கேட்கவில்லை. தடதடவென்று இறங்கிவிட்டாள்.

பேருந்தில் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். கோட்டைச் சுவர் கண்ணாடியில் கரைந்து வழிந்தது. ஒரு நாள் பழக்கம். அதற்குப் போய் இவ்வளவு கோபமா? கோபம்தானா இது...?

“எண்ணிக்கை!... பதினெட்டு, ரைட்!”

பேருந்து நகர்ந்தது. கோட்டை வாசலைத் தாண்டி, பாலத்தையும் தாண்டியபோதுதான் அவள் கவனித்தாள். அவள் கை இன்னும் உயர்ந்தே இருந்தது.

திடுக்கிட்டு எழுந்து பார்த்தாள். காலையில் இருவரும் உட்கார்ந்திருந்த வரிசை காலி. மேலே அவன் பை மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

‘அடுத்த வண்டியில் வரட்டுமே’ என்றது வீம்பு. உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். ஊருக்கெல்லாம் ‘வெளியில நிக்கிறேன்’ என்று சொல்கிறவன், மழையில், நிஜமாகவே வெளியே நிற்கிறான்...

“நிறுத்துங்க! ஒருத்தர் ஏறலை!”

“பதினெட்டு சரியா இருந்துதே? நீங்கதானேம்மா கையைத் தூக்கினீங்க?” என்றார் கைடு.

பேருந்தே திரும்பிப் பார்த்தது.

“தூக்கிட்டேன்... ஆனா என் ஜோடி ஏறலை.”

“எண்ணிக்கைக்குத்தானே...?”

“இல்லை” என்றாள். சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது.

கதவு திறந்ததும் ஓடினாள். பாலம் முழுக்கத் தண்ணீர். வாசல் வளைவின் கீழ், மூடிய சுற்றுலா அலுவலகத்தின் முன், தொப்பலாக நனைந்து அவன் நின்றுகொண்டிருந்தான்.

“நான் வந்துட்டேன்...” அவளுக்கு மூச்சு இரைத்தது. “வெளியிலதான்... நிக்கிறேன்.”

அவன் கண் முதலில் சிரித்தது. “உள்ள மாட்டினவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது.”

“எங்க போய்த் தொலைஞ்சீங்க?”

“பூட்டின ஆபீஸைக் கெஞ்சித் திறக்க வெச்சேன்” என்று சட்டைக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்தான். நனையாமல் நெஞ்சோடு வைத்திருந்தான். “நாளைக்கு நீங்க போட்டுக்கறதுக்கு.”

புது அட்டை. புதுக் கயிறு. அதில் அவள் பெயர். இதுவரை யார் கழுத்திலும் ஏறாதது.

“அந்த சீட்டை இன்னொருத்தருக்காக வாங்கினது நிஜம்” என்றான். “ஆனா காலையிலேர்ந்து நான் பேசினது, சிரிச்சது எல்லாம் உங்ககூடத்தான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு யோசிக்க நேரம் வேணும்னா...”

“யோசிக்க என்ன இருக்கு?” அவள் தலை குனிந்தது. “எண்ணிக்கை கேட்டப்ப கை தானாத் தூக்கிடுச்சு. நீங்க பக்கத்துல இல்லைங்கிறதே அதுக்குத் தெரியலை...”

அக்காவின் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். புதியதைத் தானே மாட்டிக்கொண்டாள்.

பேருந்துக்குள் ஏறியதும் சிவப்புக் குடை உயர்ந்தது. “ஜோடிக்கு ஒரு கை!”

இந்த முறை கடைசியாக இரண்டு கைகள் உயர்ந்தன. கோத்திருந்ததால், கைடு அதை ஒன்றாகத்தான் எண்ணினார்.