விட்டுப்போன ஏழு

“கையை எடுங்க! ஸ்டிக்கை விடுங்க!” பக்கத்து சீட்டிலிருந்து பயிற்சியாளன் கத்தினான்.

அவளால் விட முடியவில்லை. முழங்கால்களுக்கு நடுவே நின்ற அந்தச் செலுத்தும் ஸ்டிக்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். தரையிலிருந்து ஆளுயரம்தான்... ஆனால் ஹெலிகாப்டர் அறுந்த ஊஞ்சலாகத் தாறுமாறாக ஆடியது. தூறல் கண்ணாடியில் சாய்ந்து வழிந்தது. புல்வெளி ஒரு பக்கம் எழும்பி, மறு பக்கம் சரிந்தது.

அவள் நர்ஸ். ஆஸ்பத்திரியின் புது ஹெலிகாப்டர் ஆம்புலன்சுக்கு அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். “மாடிப்படி ஏறவே கம்பியைப் பிடிக்கிறவ நீ... வானத்துல பறக்கப் போறியாக்கும்!” என்று அண்ணன் சிரித்தான். தானே ஒரு தடவை ஓட்டிவிட்டால் பயம் தெளியும் என்று வீம்பாக இந்த விமானப் பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்பி வந்துவிட்டாள்.

வந்த இடத்தில் சொல்லிக்கொடுக்க இந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன்!

கிளம்புமுன் ஷெட்டில் அவள் தலைக்கு ஹெட்செட் அளவு பார்த்தவன், “கொஞ்சம் மெதுவாங்க” என்று அவள் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டான். அவன் கை வெடவெடவென்று நடுங்கியது.

“கை இப்படி உதறுதே... வேற ஆளே இல்லையா?” என்று ஆபீஸ் பெண்ணின் முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

அவன் முகம் சுண்டிப்போனது. “இன்னிக்கு நான் மட்டும்தாங்க. ஓட்டறப்போ நடுங்காது.”

நடுங்கவில்லைதான். தன் பக்கத்து ஸ்டிக்கில் இரண்டே விரல் வைத்திருந்தான். ஆனால் அவள் பிடியோடு மல்லுக்கட்டினால் வண்டி கவிழும். கடவுளே...

அவன் கத்துவதை நிறுத்தினான்.

“சரி, விட வேணாம். நான் எண்ணறேன்... கேளுங்க. ஒண்ணு... ரெண்டு...”

“எண்ணற நேரமாய்யா இது!”

“அஞ்சு... ஆறு... எட்டு...”

“ஏழு! ஏழை விட்டுட்டீங்க!”

கத்திய வேகத்தில் அவள் விரல்கள் தளர்ந்தன. அந்த நொடியில் அவன் வண்டியைத் தன் பிடிக்கு வாங்கிக்கொண்டான். ஹெலிகாப்டர் ஆணியடித்தாற்போல் நின்றது.

“இறக்கிடவா?”

இறக்கிவிட்டால் திங்கட்கிழமை என்ன சொல்வாள்? பல்லைக் கடித்தாள். “வேணாம்... மறுபடி குடுங்க.”

இந்தத் தடவை இரண்டே விரல். பயம் போகவில்லை. ஆனாலும் வண்டி நின்றது... பத்து விநாடி, முழுசாக!

இறங்கி, விசிறி ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எண்ணும்போது ஏழை விழுங்குவது அவளுடைய தந்திரம்! தினமும் கட்டு மாற்றும்போது வேண்டுமென்றே விடுவாள். நோயாளி எரிச்சலோடு திருத்துவதற்குள் ஒட்டிய பஞ்சு கையோடு வந்துவிடும்.

“அது... என் வித்தையாச்சே. உங்களுக்கு எப்படி...?”

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். மழையில் நனைந்த கரும்பாறை போலப் பளபளத்த கண்கள்... இமையோரத்தில் மெல்லிய தழும்பு.

“பதினெட்டு நாள் தினமும் நான்தான் திருத்தினேன்.”

“கண்ணுல எரிபொருள் தெறிச்சு வந்த... மூணாம் கட்டில் சிடுமூஞ்சியா?”

“அதே சிடுமூஞ்சிதான்.” அவன் கை மறுபடி நடுங்கியது. “கண் கட்டை ஒரேயடியா எடுத்த அன்னிக்கு நீங்க லீவு. அப்புறம் வார்டு மாறிட்டீங்க. வெறும் குரலை வச்சுக்கிட்டு எங்கேன்னு தேடறது? கண்ணைத் திறந்ததும் முதல்ல பார்க்கணும்னு நெனச்ச முகம்... ஒன்பது மாசம் கழிச்சு, இன்னிக்குத்தாங்க பார்த்தேன்.”