யசிந்தாவுக்குக் கிடைத்த வருடம்

யசிந்தாவுக்குக் கிடைத்த வருடம் 1955.

கிர்ஸ்டன் டீச்சர் ஒரு சிவப்பு வாளிக்குள் துண்டுக் காகிதங்களை மடித்துப் போட்டு, வகுப்பைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு வருடம் எழுதியிருந்தது. அது 1989ஆம் ஆண்டின் வசந்தகாலம். பிரெஞ்சுப் புரட்சி நடந்து இருநூறு வருடம் ஆகிறது என்பதால், டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் 'பிரான்ஸ் கிழமை' என்று ஒரு வார விழா நடத்தினார்கள்.

"உங்களுக்கு வந்த வருடத்தில் பிரான்சில் என்ன நடந்தது, எந்த விளையாட்டு வீரர்கள் பிறந்தார்கள் என்று தேடுங்கள். பெரிய தாளில் படமாக வரையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அம்மா அப்பா வந்து பார்ப்பார்கள்" என்றார் டீச்சர்.

இந்த வேலையில் யசிந்தாவின் சோடி மாட்ஸ். அவன் அவளுடைய துண்டை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"1955ஆ? 1789 வந்திருந்தால் தலை வெட்டும் இயந்திரத்தை வரைந்திருக்கலாம்!"

மறுநாள் இருவரும் நூலகத்துக்குப் போனார்கள். நூலகர் ஒரு தடித்த புத்தகத்தை மேசையில் வைத்தார். மாட்ஸ் பக்கங்களைப் புரட்டினான். திடீரென்று தலையில் கை வைத்தான்.

"ஐயோ! பிளாட்டினி!"

"யார் அது?"

"உனக்குத் தெரியாதா? பிரான்சின் கால்பந்து வீரன். ஐந்து வருடத்துக்கு முன் பாரிசில் எங்களுக்கு எதிராகக் கோல் போட்டவன். நாங்கள் தோற்றோம். என் அப்பா டிவியை நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவனை நான் வரையவே மாட்டேன்."

"1955இல் அவர் கோல் போடவில்லையே. பிறக்கத்தானே செய்தார்?" என்றாள் யசிந்தா.

மாட்ஸ் யோசித்தான். "அப்படியென்றால் மொட்டைத் தலையோடு, அழுகிற குழந்தையாக வரைவேன்."

அதே வருடம் பெப்ரவரியில் அலன் ப்ரோஸ்ட் பிறந்திருந்தார். அவர் பிறகு கார்ப் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனவர். ஒக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில், மீனுக்கு இருப்பது போல் மூக்கு நீண்ட ஒரு புதுக் காரைக் காட்டினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாட்ஸ் ஜூன் மாதப் பக்கத்தைத் திறக்கும் வரை.

ஜூன் 11. லே மான் நகரத்தில் இருபத்துநான்கு மணிநேரக் கார்ப் பந்தயம். ஒரு கார் இன்னொன்றில் மோதி, பார்த்துக்கொண்டு நின்ற சனங்களுக்குள் பாய்ந்து தீப்பிடித்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

"இதுதான்!" மாட்ஸின் கண்கள் பெரிதாயின. "தாளின் நடுவில் இதைப் போடுவோம். தீ! புகை! பறக்கிற சக்கரம்! எல்லாரும் நம்முடைய படத்தைப் பார்க்கத்தான் ஓடி வருவார்கள்."

யசிந்தா புத்தகத்தை மூடி நூலகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

புதன்கிழமை வகுப்பில் மாட்ஸ் சிவப்பு, செம்மஞ்சள் நிறப் பென்சில்களைச் சீவி வரிசையாக வைத்தான். தாளின் நடுவில் ஒரு காரை வரைந்து, அதைச் சுற்றிச் சிவப்பைத் தீட்டத் தொடங்கினான்.

"வேண்டாம்" என்றாள் யசிந்தா.

"ஏன்? உண்மையாக நடந்ததுதானே?"

"வேண்டாம்."

"பயமா? இது வெறும் படம்!"

யசிந்தாவுக்குக் காரணம் தெரியும். அதை டெனிஷ் மொழியில் சொல்லத்தான் வரவில்லை. மூன்று வருடத்தில் எத்தனையோ சொற்களைப் படித்திருந்தாள். அன்றைக்கு ஒரு சொல்கூட வாய்க்கு வரவில்லை. அவள் அந்தத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்துவிட்டாள்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. மாட்ஸின் காதுகள் சிவந்தன.

"நாளைக்கு நீயே தனியாகச் செய்!" என்று கத்திவிட்டு அவன் எழுந்து போனான்.

பின்னேரம் யசிந்தா வீட்டுக்கு வந்தபோது அப்பா இன்னும் வந்திருக்கவில்லை. அப்பா நீக்கிலாஸ் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்தார். சில நாட்களில் வேலை முடியத் தாமதமாகும். யசிந்தா அவருக்குச் சோற்றைப் போட்டு, மீன் குழம்பை ஊற்றி, இன்னொரு தட்டால் மூடி வைத்தாள்.

மூடிய தட்டைப் பார்த்ததும் அவளுக்கு மட்டக்களப்பு ஞாபகம் வந்தது.

அப்போது அவளுக்கு ஏழு வயது. ஒரு நாள் காலை கடைத்தெரு பற்றி எரிந்தது. சந்தைக்குப் போன அம்மா மேரிகிறேஸ் பொழுது சாயும் நேரத்தில்தான் ஓடி வந்தார். பக்கத்து வீட்டு விமலாதேவி அன்ரியின் புருஷன் வரவில்லை. அவருக்கு அங்கே ஒரு சிறிய புடவைக்கடை இருந்தது. அன்ரி அவருக்குச் சோறு போட்டு மூடி வைத்திருந்தார். மறுநாளும் அந்தத் தட்டு அங்கேயே மூடியபடி இருந்தது. அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

தீ எப்படி இருந்தது என்பது யசிந்தாவுக்குச் சரியாக ஞாபகமில்லை. அந்தத் தட்டு ஞாபகமிருந்தது. அதில் ஒரு நீலப் பூ போட்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு டென்மார்க்குக்கு வந்தார். அம்மாவின் வயிற்றில் பிள்ளை. அவ்வளவு தூரம் அலைந்து வர அவரால் முடியாது. 'நாங்கள் முதலில் போவோம், போய் உங்களைக் கூப்பிடுவோம்' என்றுதான் அப்பா சொன்னார். தம்பி லோஜன் பிறந்தான், தவழ்ந்தான், நடந்தான். யசிந்தா அவனைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தாள். அப்பா போட்ட விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை. தமிழ் அகதிகளின் குடும்பங்களைக் கூப்பிடும் விண்ணப்பங்களை டென்மார்க் அரசாங்கத்தில் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று இப்போதுதான் செய்தித்தாள்களில் பெரிதாக வந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது. அப்பா சப்பாத்தைக் கழற்றினார்.

"புள்ள, சாப்பிட்டியா?"

"ஓம் அப்பா. இண்டைக்கு ஏதும் வந்ததா?"

"ஒண்டும் வரல்ல. இனி விண்ணப்பங்களைப் பார்ப்பாங்களாம் எண்டு என்னோட வேல செய்யிற குகநேசன் அண்ணன் சொன்னார்." அவர் தட்டைத் திறந்தார். "என்ன, முகம் வாடியிருக்கு?"

"மாட்ஸோட சண்டை. அவன் கீறின படத்தைக் கிழிச்சுட்டன். கிர்ஸ்டன் ஒண்டும் ஏசல்ல. ஆனா என்னையே பார்த்துட்டு நிண்டா."

"டீச்சரைப் பேர் சொல்லாத எண்டு எத்தின தரம் சொல்லிட்டன்!"

"இங்க எல்லாரும் அப்படித்தான் அப்பா கூப்பிடுற. டீச்சர் எண்டு சொன்னா அவக்குச் சிரிப்பு வருது."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டார். யசிந்தா அவர் சாப்பிட்டு முடியும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தத் தட்டைத் தானே கழுவி வைத்தாள்.

மறுநாள் காலை சைக்கிள் நிறுத்தும் இடத்தில் மாட்ஸுக்காகக் காத்து நின்றாள்.

"படத்தைக் கிழித்தது பிழை. மன்னித்துக்கொள்" என்றாள்.

மாட்ஸ் சைக்கிளைப் பூட்டினான்.

"எங்கள் ஊரில் கடைகள் எரிந்தன. பக்கத்து வீட்டு மாமா திரும்பி வரவில்லை. அதனால்தான்."

மாட்ஸ் பூட்டின் திறப்பைக் கையில் வைத்தபடி நின்றான். "நீ அதைப் பார்த்தாயா?"

"புகையைப் பார்த்தேன்."

பிறகு மாட்ஸ் கேட்டான்: "அப்படியென்றால் லே மானை விட்டுவிடுவோமா?"

யசிந்தா தலையாட்டி மறுத்தாள். "விட்டால் அந்த ஆட்களையும் விட்டமாதிரி ஆகிவிடும். கார் வருவதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று வரைவோம். தீ வேண்டாம். ஆட்களை வரைவோம்."

"எந்த ஆட்களை? அவர்களை நமக்குத் தெரியாதே."

"பந்தயம் பார்க்க யார் வருவார்கள்? உன் அப்பா போனால் என்ன கொண்டுபோவார்?"

"பாண் ரொட்டி. ஈரல் பூசிய பாண். ஒரு தொப்பி. வெயில் என்றால் புறுபுறுத்துக்கொண்டே நிற்பார்." மாட்ஸுக்குச் சிரிப்பு வந்தது.

புதுத் தாளில் இருவரும் வரையத் தொடங்கினார்கள். தோளில் பிள்ளையை ஏற்றிய ஒருவர். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நிற்கும் ஒரு பெண். ஐஸ்கிரீமுக்குச் சண்டை பிடிக்கும் அண்ணன் தம்பி. கைக்குழந்தையோடு ஓர் அம்மாவை மாட்ஸ் வரைந்தான். பிறகு அவன் தொப்பி போட்ட ஒரு மனிதரை வரைந்தான். அவர் கையில் பாண் கொடுத்தான். மூக்கை வரைந்தான், மீசையை வரைந்தான். பிறகு பென்சிலை வைத்துவிட்டான்.

"என்ன?" என்றாள் யசிந்தா.

"என் அப்பா மாதிரியே வந்துவிட்டது" என்றான் மாட்ஸ் மெதுவாக.

அதற்குப் பிறகு அவன் சிவப்புப் பென்சிலைத் தொடவில்லை. அந்தச் சனங்களின் சட்டைகளுக்கு நீலமும் பச்சையும் தீட்டினான். படத்தின் கீழே யசிந்தா டெனிஷில் எழுதினாள்: 'ஜூன் 11, லே மான். இவர்களைப் போல எண்பது பேருக்கும் மேல் அன்று வீட்டுக்குத் திரும்பவில்லை.'

தாளின் ஓரத்தில் இரண்டு தொட்டில்கள். ஒன்றில் ப்ரோஸ்ட் தூங்கினார். மற்றதில் மொட்டைத் தலைப் பிளாட்டினி வாயைப் பிளந்து அழுதார். மாட்ஸ் அவருக்கு மூன்று கண்ணீர்த் துளிகள் கூடுதலாகப் போட்டான்.

வெள்ளிக்கிழமை மாலை வகுப்பறை நிறையப் பெற்றோர். அழுகிற பிளாட்டினியைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். மாட்ஸின் அப்பா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பிறகு தொப்பிக்காரரைக் கவனித்தார். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கீழே இருந்த வரியைப் படித்தார். மகனின் தோளில் கையை வைத்தார்.

"விபத்து எங்கே? ஒன்றும் தெரியவில்லையே" என்று கேட்டான் பீட்டர் என்ற பையன்.

மாட்ஸ் யசிந்தாவைப் பார்த்தான். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இந்தத் தடவை அவளுக்குச் சொற்கள் வந்தன.

"விபத்து ஒரு நிமிடம்தான். இவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். வீட்டில் யாரோ இவர்களுக்குச் சாப்பாடு மூடி வைத்திருப்பார்கள். நான் அதைத்தான் யோசித்தேன்."

கிர்ஸ்டன் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பீட்டர் படத்துக்குப் பக்கத்தில் வந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

யசிந்தாவின் அப்பா கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார். வேலை உடுப்போடு கதவடியில் தயங்கி நின்றவரை அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். கீழே இருந்த வரியைத் தமிழில் சொன்னாள். அப்பா நெடுநேரம் படத்தைப் பார்த்தார். கைக்குழந்தையோடு நின்ற அம்மாவின் மேல் விரலை வைத்தார்.

"இந்தத் தாயும் பிள்ளையும் என்ன ஆனாங்க, புள்ள?"

யசிந்தா திகைத்துப் போனாள். அதை அவள் யோசித்திருக்கவில்லை.

"என்ன கேட்கிறார்?" என்றான் மாட்ஸ். அவள் சொன்னாள்.

மாட்ஸ் கொஞ்சமும் தயங்கவில்லை. "அந்தக் குழந்தை வெயிலில் ஒரே அழுகை. அதனால் அம்மா முன்னமே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே வரைந்தேன்! எனக்குத் தெரியாதா?"

யசிந்தா அதை அப்பாவிடம் தமிழில் சொன்னாள். அப்பா அவனையே பார்த்தார். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெரிய மனிதருக்குக் கொடுப்பது போல அவனுக்குக் கை கொடுத்தார்.

"நல்ல பெடியன்" என்றார். மாட்ஸுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் "தாக், தாக்" என்று இரண்டு தரம் நன்றி சொன்னான்.

அந்த வருடம் இலைகள் உதிரும் காலத்தில், அம்மாவுக்கும் தம்பிக்கும் அனுமதி வந்தது.

பில்லுண்ட் விமான நிலையத்துக்கு மாட்ஸும் வந்தான். வருபவர்களை வரவேற்கும் டெனிஷ்காரர் வழக்கப்படி அவன் கையில் ஒரு சிறிய டென்மார்க் கொடி. கண்ணாடிக் கதவு திறந்ததும் யசிந்தா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். அம்மா மகளின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். தம்பியோ அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"தம்பி, அக்கா! அக்காட்டப் போ" என்றார் அம்மா.

அவன் இன்னும் உள்ளே போனான். அவனைத் தூக்க யசிந்தாவின் கைகள் துடித்தன. ஆனால் அவனுக்கு அவளைத் தெரியாதே!

"விடுங்கம்மா. அவனா வரக்குள்ள வரட்டும்" என்றாள்.

அவள் அவன் உயரத்துக்குத் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு சனங்கள் அவளைச் சுற்றிப் போனார்கள். மாட்ஸும் கொடியை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

சேலைக்குப் பின்னால் இருந்து முதலில் ஒரு கண் தெரிந்தது. பிறகு முழு முகமும் தெரிந்தது. கடைசியில் லோஜன் மெல்ல வெளியே வந்து, யசிந்தாவின் சப்பாத்து நாடாவைப் பிடித்து இழுத்தான்.